சட்டை எண் இல்லாதவர்

ஆண்டு மலருக்கு லீகின் வரலாறு கேட்கிறார்கள்.
இருப்பது ஒரு நோட்டு. பாதி கடன் கணக்கு:
பிளேடு தீட்டியது, வேன் பெட்ரோல்,
குகன் நாயக்கரின் இரண்டு பற்கள்.

டர்பன் கடற்கரை. வெளியே முப்பத்திரண்டு டிகிரி,
உள்ளே எங்கள் பனித்தரை வியர்த்துக்கொண்டே இருக்கும்.
இரவு பத்தரைக்குப் பிறகுதான் வாடகை மலிவு.
சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பைன்டவுன்;
மூன்றே அணிகள், ஒன்றில் எப்போதும் ஆள் குறைவு.
இரவல் கொடுத்த ஆளிடமே தோற்றதும் உண்டு.

முதல் இறுதியாட்டத்தில்
தரையிலிருந்து மூடுபனி கிளம்பியது,
இடுப்பளவு, பிறகு கழுத்தளவு.
தலைகள் மட்டும் வழுக்கிக்கொண்டு போயின.
எங்கோ வலை அதிர்ந்தது.
நான்தான் அடித்தேன் என்று ஐந்து பேர்,
அதில் இருவர் எதிரணி.
நடுவர் விசிலைக் கடித்தபடி என்னைப் பார்த்தார்.
பேனா என்னிடம்.

இதே கட்டிடத்தின் பின்வாசலில்
சுரண்டிய பனியை வாளியில் வாங்கிக் கொட்டியவர்
என் அப்பா, பதினெட்டு வருஷம்.
சறுக்குவது வெள்ளையருக்கு மட்டும்.
அன்று முன்வரிசையில், கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு,
ஒன்றும் தெரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கோல்: ஒன்று.
அடித்தவர்: எம். கோதண்டம்.
சட்டை எண் கட்டத்தில் ஒரு கோடு.

அச்சுக்கும் அப்படியே கொடுத்திருக்கிறேன்.