இரண்டு டிக்கெட்டில் ஒன்று

டெல்மோவுக்குக் கால் பெருவிரல் வீங்கிவிட்டது.
கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள்.
"நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா" என்றான்
கட்டிலில் கிடந்தபடி,
தன் கோயிலுக்கு என்னை நேர்ந்துவிடுகிறவன் போல.

பெர்காமோவிலிருந்து முதல் பஸ். மழை.
தொழிற்சாலை வாசலில்
செல்போன் கண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர்,
பெல்ட் கொக்கிக்குத் துணி,
மோதிர விரலுக்கு வெள்ளை டேப்.
"டாங்க் மேல் கீறல் விழக்கூடாது, அம்மா"
என்றான் வழிகாட்டி ஈவோ.
இருபத்தாறு வருடமாக
ஒன்றையும் கீறாத மோதிரம் தம்பி இது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் பதினான்கு பேர்.
ஜெர்மன்காரர் இருவர் எண்ணெய் வாசனையை
ஊதுபத்திப் புகை போல இழுத்துக்கொண்டார்கள்.
ஒரு பையன், அவன் அப்பா.
அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஈவோ எண்களாகச் சொல்லிக்கொண்டே போனான்,
குதிரைத்திறன், எடை, எத்தனை நாடு.
நான் பல்செட் செய்கிறவள்.
எனக்குப் பிடித்தது
திருகு முடுக்கும் ஒருத்தியின் மணிக்கட்டு.
கருவி டிக்கென்று சொல்வதற்கு முன்பே
போதுமென்று அது நின்றது.

கடைசியில் ஒரு கண்ணாடி அறை.
உருளைகளின் மேல் புத்தம்புது வண்டி,
அதன் மேல் ஃபவுஸ்தா,
காதடைப்பான், நரைத்த பின்னல்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறியது.
நூற்றுப்பத்தில் நடுங்கியது முள்.
வண்டி ஓரடி நகரவில்லை.
எதிரே சுவர்.
சுவரில் போன வருடக் காலண்டர்,
செப்டம்பரோடு நின்றுபோனது,
அதில் ஒரு கழுதை புல் மேய்ந்துகொண்டிருந்தது.
அந்தக் கழுதையை நோக்கிப்
பறந்துகொண்டிருந்தாள் அவள்.

ஒரே ஒருமுறை
அவள் தோள் லேசாகச் சாய்ந்தது,
வளைவில் சாய்வது போல.
அங்கே வளைவு ஏது?
நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

பிரேக். இறங்கினாள்.
கையுறையைக் கழற்றி
ஒரு அட்டையில் ஏதோ கிறுக்கினாள்.
"இவங்க எங்கே போயிட்டு வர்றாங்க?" என்றான் பையன்.
எல்லாம் தெரிந்த அப்பா
குனிந்து ஷூ லேஸைப் பார்த்தார்.
"நாளைக்கு முப்பது வண்டி ஓட்டுகிறாள்,
சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது" என்று ஈவோ சிரித்தான்.
"ரயிலில்தான் வருவாள். ஜன்னலோரம். தூங்கிக்கொண்டே."

வீட்டில் டெல்மோ
தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தான்.
கழுதை, சுவர், மணிக்கட்டு, சாய்ந்த தோள்,
எனக்கு வந்த வரிசையில் சொன்னேன்.
"அதெல்லாம் இருக்கட்டும். என்ன மாடல்?"
"சிவப்பு" என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் கவனித்தேன்,
விரலில் இன்னும் டேப்,
நனைந்தும் பிடிவாதமாக.
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கையில்
உள்ளேயிருந்து குரல் வந்தது,
"எந்தப் பக்கம் சாய்ந்தாள்?"
"இடது."

வெகுநேரம் சத்தமில்லை.
"அப்படியென்றால் ஏரிச் சாலைதான்" என்றான்.