இருப்புக் கணக்கு

சோஹார் துறைமுகம், மூன்றாம் கிடங்கு.
நாலாயிரத்து இருநூறு சாமான்.
ஆறு அங்குல கேஸ்கெட்டா?
சி வரிசை, மேல்தட்டு, இடக்கைப் பக்கம்.
கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வதற்குள்
கொண்டுவந்து மேசையில் வைப்பேன்.

பேரிங் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாள் விழுந்தேனாம்.
தரை துடைக்க வந்த நேபாளி
வாளியை எறிந்துவிட்டு நெஞ்சை அமுக்கினானாம்.
ஒன்பது நிமிடம் நான் இருப்பில் இல்லையாம்.
என் சாவுக்கு நான் சாட்சி இல்லை,
'ஆம்' போட்டுத்தான் சொல்ல வருகிறது.
முறிந்த மூன்று விலா மட்டும்
ஆம் இல்லாமல் வலித்தது.

மூன்று வருடம்.
இதயம் சொன்னபடி கேட்கிறது,
டாக்டர் படத்தைக் காட்டிச் சிரிக்கிறார்.
கேன்டீனில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால்
எனக்கு இரண்டுமே இரைச்சல் என்பது
அந்தப் படத்தில் விழாது.
குப்பூஸ் என்ற சொல் வராமல்
கையால் வட்டம் போட்டுக் காட்டினேன்.
கடைக்காரர் ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார்.
காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

கல்ஃபான் நல்ல மனுஷன்.
மாஃபி முஷ்கில் என்று கேட்டுக்கு மாற்றினார்.
லாரி எண்ணைப் பார்த்து எழுதும் வேலை.
பார்க்காமல் சொன்னவன்
பார்த்து எழுதுகிறேன்,
எழுதியதை மறுபடி பார்க்கிறேன்.
மூன்று மணிக்கு மேல்
என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த நேபாளி வருவான்.
ஒவ்வொரு முறையும் பெயர் நழுவும்.
தம்பி என்கிறேன்,
என்னைவிட நாலு வயது மூத்தவனை.
தேஜ் பகதூர் என்று அவனே எழுதி
என் சட்டைப்பையில் வைத்த சீட்டு
இரண்டு முறை சலவைக்குப் போய் வந்துவிட்டது.

நேற்று தூத்துக்குடிக்குப் போன் போட்டு
எமல்டாவிடம் கேட்டேன்:
மாமா மாத்திரை போட்டாரா?
கொஞ்சம் கழித்து,
'போட்டாச்சு' என்றாள்.
மின்விசிறிச் சத்தம் கேட்டது.
'நீங்க சாப்பிட்டீங்களா?'

ராத்திரி நோட்டைத் திறந்தால்
என் கையெழுத்து, கீழே இரண்டு கோடு:
மாமா போன ஈஸ்டருக்கு முன் இறந்துவிட்டார்.
நீதான் பெட்டிக்குத் தோள் கொடுத்தாய்.
எமல்டாவிடம் கேட்காதே.

அதற்கும் கீழே
சரக்கு எண்ணுகிற மாதிரி
ஐந்தைந்தாகக் கட்டிய சின்னக் கோடுகள்.
எதன் கணக்கென்று எழுதவில்லை.
விரல் வைத்து எண்ணினேன், இருபத்திரண்டு.
பேனாவை எடுத்து
இன்னொன்று போட்டேன்.