விடு

டீசலின் அம்மா கொருக்குப்பேட்டைத் தெருநாய்.
அப்பன் சிப்பிப்பாறை,
மணலி லாரி ஷெட்டில் ஒரே ஒரு ராத்திரி
கட்டியிருந்தது.
காலும் இடுப்பும் அவனது.
கூட்ஸ் வண்டி தடதடத்தாலும் காது அசையாத நிதானம்
அம்மாவோடது.

அரிசி கோடவுனில் பெருச்சாளிக்கு இருபது ரூபாய்.
வாலை எண்ணித்தான் மேஸ்திரி காசை அவிழ்ப்பார்.
பாதி எலி மருந்து தின்றதாக இருக்கும்.
அதனால் நான் பழக்கியது பிடிக்க இல்லை
(அது ரத்தத்திலேயே கீது),
கிழிந்த சாக்கு, நெத்திலித் தலை, ஆறு மாசம்,
ஒரே சொல்:
விடு.

விடிந்ததும் வாயைப் பிளந்து பார்ப்பேன்.
பல்லிடுக்கில் ரோமம், மூக்கில் கீறல்.
மஞ்சள், வேப்பெண்ணெய்.
ஊசி போட்ட சீட்டு
ரேஷன் கார்டுக்குள் மடித்திருக்கிறது.

பங்குனியில் நாலு குட்டி.
கிடாய்நாய்க்குக் கூலி ஒரு குட்டி என்பது பேச்சு.
சாத்தூர் லாரி வேல்ச்சாமி வந்தான்.
முதுகை நீவினான், தொடையை அமுக்கினான்,
வெள்ளைக்கால் குட்டியைத் தூக்கினான்.
டீசல் அவன் மணிக்கட்டைக் கவ்வினாள்.
அழுத்தவில்லை. பிடி மட்டும்.

"விடு" என்றேன்.

விட்டாள்.

லாரி எண்ணூர் ரோட்டில் திரும்பும்வரை
அதைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்,
எண்ணிக்கையில் ஒரு வால் குறைகிறதே
என்பதுபோல.