குறைந்த எடை

ஜனவரியில் ஐந்து கிராம்.
மார்ச்சில் இரண்டே கால்.
தராசில் எண் அசையாமல் நிற்கிறது.
சபேலா இன்னும் பேனாவைத் தொடவில்லை.
மீதி எங்கே?

கலீசியாவில் மழை விட்டபாடில்லை.
ஓடையின் குறுக்கே நைலான் கயிறு,
கயிறு நெடுக வலைப்பைகள்.
சிலவற்றில் ஆல்டர் சருகு,
சிலவற்றில் தைலமர இலை.

ஆல்டரை முதல் வாரம் யாரும் சீண்டவில்லை.
மாவு புளிக்கட்டும் என்று
மூடிவைத்துவிட்டுப் போனவர்கள்போல
கல்லடியில் காத்துக் கிடந்தார்கள்.
பூஞ்சை நூல் விட்டது. இலை இளகியது.
அப்புறம்தான் பந்தி.

மணலைத் தன் எச்சில் பட்டால் ஒட்டிச்
சட்டை போட்டுக்கொண்ட புழு
நரம்பை ஒதுக்கிவிட்டுச் சதையைத் தின்றது.
அது சிந்தியதை,
சாணமாய்க் கழித்ததையும்கூட,
கொஞ்சம் கீழே வலைகட்டி உட்கார்ந்த
வேறொரு புழு வாரிக்கொண்டது.
இரண்டையும் தின்ன
இடுக்கில் ஒரு இரட்டைவால் பூச்சி.
அதற்கும் மேலே, நிழல்மாதிரி, டிரவுட்.
தப்பித்துச் சிறகு முளைத்தவற்றை
அந்தியில் வௌவால் எடுத்துப் போனது.
ஓடை அப்படித்தான் கரையேறுகிறது.

"அழுகலை நிறுக்கவா இவ்வளவு படிச்சே?"
இடக்கரைக்காரர் உஷியோ, கையில் இரண்டு மீன்.
மேல் வளைவில் ஒன்று, தன் தைலத்தோப்படியில் ஒன்று.
பாறைமேல் வைத்து வயிற்றைக் கீறினார்.
முதலாவதில் மணல், மணலாய்ச் சின்னச் சின்னச் சட்டைகள்,
கறுத்த இலைக்கூழ்.
இரண்டாவதில் இரண்டு எறும்பு.
மழை தள்ளிவிட்ட எறும்பு.

கத்தியைக் கால்சட்டையில் துடைத்தார்.
நீர்நாய் முந்தாநாள் விட்டுப்போன
முள்ளும் செதிலுமான எச்சத்தைப்
பூட்ஸ் நுனியால் புரட்டிப் பார்த்தார்.
"அடுத்த வெட்டுக்கும் காகித ஆலையில்
முன்பணம் வாங்கியாச்சு," என்றார்.
யாரும் கேட்காமலே.

அவர் போனபிறகு கணக்குப் போட்டாள்.
புழுவாய்க் கொஞ்சம்,
மீனில் அதைவிடக் கொஞ்சம்,
நீர்நாயில் ஒரு சிட்டிகைகூட இருக்காது.
பெரும்பங்கு மூச்சாய்ப் போனது.
இத்தனை வாய்களும் உயிரோடிருக்க ஆன செலவு.

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு 'இழப்பு' என்று பேர்.
இரண்டே முக்கால் என்று எழுதினாள்.

அடுத்தது தைலப்பை.
பிரித்ததும் சளிமருந்து வாசனை.
இலைகள் விளிம்பு குலையாமல், அரிவாள்போல் வளைந்து
போட்டபடியே.
நாலே கால்.

இங்கே பெரிதாக எதுவும் தொலையவில்லை.