ஒன்று புள்ளி எட்டு

யார் இந்த ஒன்று புள்ளி எட்டு என்று கேட்டாள்.
வாய் திறந்தபோதுதான் பார்த்தேன்,
மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
எர்மித்தாஸ் லோஉரேடா,
கலீசியாவின் மேற்குக் கரையில் கொட்டலசு பறிப்பவள்,
ஈரக் காலணியோடு நிலையத்துக்குள் நின்றாள்.
கையில், மீனவர் சங்கப் பலகையிலிருந்து கிழித்த தாள்:
செவ்வாய், காலை எட்டு மணி, அலை உயரம் 1.8 மீட்டர்.
கீழே என் கையெழுத்து.

விளக்கத் தொடங்கினேன். விளக்குவது என் வியாதி.

முனையில் பதினாறு கம்பங்கள் நிற்கின்றன,
யாரும் துணி காயப்போடாத கொடிக்கம்பங்கள்.
அவை அனுப்பும் வானொலி அலையின் நீளம் இருபத்திரண்டு மீட்டர்.
கடல்மேல் போகும்;
அதில் சரிபாதி, பதினோரு மீட்டர் நீளக் கடலலைதான்
அதற்கு உரக்கப் பதில் சொல்லும்.
பெரிய அலைகளை நாங்கள் நேரில் பார்ப்பதில்லை.
மாடியில் நடப்பவரின் எடையை
கீழ்வீட்டு அலமாரியில் அதிரும் தம்ளர்களை வைத்துச் சொல்கிறோம்.

பிறகு கணினிக்குள் ஒரு கடல் மாதிரி.
கடல் இல்லை, கடல் மாதிரி.
காற்றைக் கொடுத்தால் அலையைத் தரும்.
ஞாயிறன்று கிரீன்லாந்துக்குத் தெற்கே கிளம்பிய புயலை
செவ்வாய்க்கிழமை நம் வாசலில் இறக்கி வைக்கும்.
ஒன்று புள்ளி எட்டு என்பது ஓர் அலை இல்லை, அம்மா.
உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி.

அப்படியென்றால் என்னை அடித்தது இதில் இல்லையா?
இருக்கிறது.
எங்கே?
வகுத்ததில் போய்விட்டது.

சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை.

கடல் நன்றாக வற்றியிருந்தது, என்றாள்.
இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே, ஷென்ஷோவின் கையில்.
அலைக்கும் அலைக்கும் நடுவே பதினேழு நொடி.
பதினேழு நொடியில் நாலு கொத்து சுரண்டலாம்.
ஐந்தாவதற்கு நான் ஆசைப்படவில்லை,
என்றாள், நான் கேட்காமலே.
ஷென்ஷோ கத்தியது
தண்ணீர் காதை விட்டு வடிந்த பிறகுதான் கேட்டதாம்.

தாளைத் திருப்பினேன். ஓரமெல்லாம் பென்சில்.
திங்கள்: முழங்கால்.
சனி: இடுப்பு.
அதற்கு முந்தின வியாழன்: மாமியார்.
செவ்வாய்க்கு எதிரே எழுத்து இல்லை, ஒரு கிழிசல்.
பதினோரு வருடத் தாள் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது,
வேண்டுமா?

வேண்டும் என்பதற்குள் அடுத்த கேள்வி:
என் பாறையைக் காட்டுங்கள்.

திரையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
என் கடலில் கட்டத்துக்குக் கட்டம் இருநூறு மீட்டர்.
அவள் பாறை முப்பதுகூட இல்லை.
சுற்றியுள்ள ஆழத்தோடு கலந்து, சராசரியில் கரைந்து,
அந்த இடத்தில் பாறையே இல்லை.
ஒன்பது மீட்டர் தண்ணீர்.

பதினோரு வருடமும் நான் எங்கே நின்றேன்?
ஒன்பது மீட்டர் ஆழத்தில்.
எனக்கு நீச்சல் தெரியாதே, என்றாள்.

இந்த முறை இருவரும் சிரித்தோம்;
பல் போன சந்தில் காற்று விசிலடித்தது.

ஜனவரியில் கட்டங்களைச் சிறிதாக்கினோம்.
பாறைக்குக் கிடைத்தது ஆறு கட்டம்.
கணினி நாற்பது நிமிடம் கூடுதலாக எடுக்கிறது,
மின்கட்டணத்தைக் காட்டி இயக்குநர் முகம் சுளிக்கிறார்.
அந்தச் செவ்வாயை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்:
பாறையருகே 2.3. கூடினால் வரக்கூடிய ஒற்றை அலை, 4.1.
எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முடிந்த செவ்வாய்க்கு எவ்வளவு நன்றாகக் கணிக்கிறேன்!

டப்பா வந்தது. முழங்காலை மீட்டராக்க
மூன்று வாரம் ஆயிற்று;
அவள் முழங்காலை அளக்கவே இரண்டு காப்பி.
மாமியாருக்கு மட்டும் இன்னும் அலகு இல்லை.

இப்போது தாளில் இரண்டு பத்தி கூடுதல்:
நொடி, ஒற்றை அலை.
இன்று விடியலில் ஒட்டப் போனேன்.
பனிக்கட்டி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.
பலகை ஆணியில், மீன்வலை நூலில் கட்டி,
பென்சில் ஒன்று தொங்கியது.
சீவி வைத்திருந்தார்கள்.