சில்லறை

ஆயுத பூஜை அன்று
அயனாவரம் டிப்போவில் எல்லா வண்டிக்கும் நெற்றியில் சந்தனம்,
முகப்பில் வாழைக்கன்று,
சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சை.
எங்களுக்குத் தொன்னையில் கேசரி.

எனக்குக் கேசரி பிடிக்கும்.
அதிலிருக்கும் திராட்சை பிடிக்காது.
நெய்யில் ஊதிப்போய் உண்ணி மாதிரி இருக்கும்.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
காலடியில் வாலாட்டியதற்குப் போட்டேன்.

அதன் பெயர் சில்லறை.
டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் பிறந்த நான்கில் மிஞ்சியது.
சில்லறை இல்லையா, சில்லறை இல்லையா என்று
நாளெல்லாம் கேட்கிற ஊருக்கு
இந்தா இருக்கு என்று காட்ட
டிரைவர் எபினேசர் வைத்த பெயர்.

எனக்கும் வேணாம்பா என்று நாலைந்து பேர்
தங்கள் திராட்சையையும் நீட்டினார்கள்.
அதையும் போட்டேன்.
என்னைவிட நல்லவன் இந்த டிப்போவில் இல்லை
என்பதுபோல் பார்த்தது.

மறுநாள் முதல் வண்டி கிளம்பும் நேரம்
டீசல் பங்க் ஓரத்தில் மஞ்சள் நுரை.
எவனோ விஷம் வெச்சுட்டான் என்றார்கள்.
எதிர்க் கட்டடத்து ஆள்தான்,
போன மாதம் நாய்த் தொல்லை என்று மனு கொடுத்தவர்.
எபினேசர் சட்டைக் கையை மடித்தான்.
கெட்ட வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு
நானும் கூடப் போனேன்.
அவர் வாயில் பிரஷ்ஷோடு கேட்டைத் திறந்தார்.
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
நுரையைத் துப்பாமல் விழுங்கினார்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில்
எங்களுக்கு முன்னால் ஒரு சினை ஆடு,
ஒரு கிளி, கிளிக்காக அழுகிற பையன்.
டாக்டர் நிலோஃபர் கேட்டார்:
நேத்து என்ன சாப்பிட்டுச்சு?
பொரி, கடலை, கேசரி.
கேசரியில திராட்சை?
ஆமாம் என்றேன்.
யார் போட்டது என்று கேட்கவில்லை.
எத்தனை? என்றார்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசு வைக்கிற வேலை.
எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எத்தனை என்று தெரியவில்லை.

கிட்னி, என்றார்.
சொட்டுச் சொட்டாத்தான் வருது, போதாது.
நல்லா மூத்திரம் போனா பிழைச்சுக்கும்.
போகலேன்னா,
என்று ஊசிக்குத் திரும்பிக்கொண்டார்.

வேற என்னென்ன ஆகாது என்று கேட்டேன்.
என்னிடம் இருந்த பழைய வே பில்லின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தார்.
வெங்காயம். பூண்டு. சாக்லேட். காபித்தூள்.
சர்க்கரை இல்லாத சூயிங்கம்.
படிக்கப் படிக்க
மெஸ்ஸில் மிஞ்சிய வெங்காய சாம்பார்,
ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம்,
எபினேசர் மகள் பிறந்தநாள் கேக்
எல்லாம் வரிசையில் வந்து நின்றன.
மனு கொடுத்தவர் எங்கேயும் இல்லை.

இரண்டு நாள் டிரிப்ஸ்.
ஒரு நாயின் மூத்திரத்துக்காக டிப்போவே காத்திருந்தது.
டயரில் காலைத் தூக்கினால்
செருப்பைக் கழற்றி எறிந்தவர்கள்தான்.
ஓட்டேரி சிக்னலில்
எதிரே வந்த வண்டியிலிருந்து ஒருத்தன் கத்தினான்:
போச்சா?
இன்னும் இல்ல!
பயணிகள் என்ன நினைத்தார்களோ.

மூன்றாம் நாள் விடியலில்
சாக்கிலிருந்து நடுங்கி எழுந்து
நின்று, யோசித்து, பத்தடி நடந்து
என் வண்டியின் பின் சக்கரத்தில்,
காய்ந்த சந்தனத்தின் மேல்,
காலைத் தூக்கியது.
நீளமாகவே போனது.
யாரும் பேசவில்லை.
எபினேசர் மட்டும்
உள்ளே ஏறி ஒருமுறை ஹாரன் அடித்தான்.

எதிர்க் கட்டடத்துக்கு நான் இன்னும் போகவில்லை.
கேட் வரைக்கும் இரண்டு தடவை போனேன்.

நேற்று ஸ்டோர் கீப்பர் வீட்டு விசேஷம், பாயசம் வந்தது.
பழக்கத்தில் விரல் திராட்சையைப் பொறுக்கியது.
சில்லறை கீழே உட்கார்ந்து
அதே பார்வை பார்த்தது.
டம்ளர் விளிம்பில் வைத்து எண்ணினேன்.
பதினொன்று.
எல்லாவற்றையும் நானே தின்றேன்.
இப்போதும் பிடிக்கவில்லை.