நாற்பத்தேழை நாலால் வகுத்தால்

லீ பஜார் கிடங்கில்
கம்ப்யூட்டர் ஒன்றுதான்.
கீபோர்டின் இடுக்கெல்லாம் ஜவ்வரிசி மாவு;
'எம்' எழுத்தை இரண்டு முறை தட்டினால்
ஒரு முறை விழும்.

எடைமேடைக்கு நிரல் எழுதிய தில்லையரசு
ஓசூருக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை.
முதல் வரியில் ஒரு குறிப்பு மட்டும் விட்டிருக்கிறார்:
ஓடுகிறது. தொடாதே.
பைத்தான் இரண்டு புள்ளி ஏழு.
தராசிலிருந்து கம்பி வழியே வரும் எண்ணை
அதற்கு மட்டும்தான் படிக்கத் தெரியும்.

பில் போடுகிற நிரலுக்கோ மூன்று புள்ளி பதினொன்று.
அதற்குக் கீழே எதனுடனும் அது பேசாது.

ஒரு உறையில் ரெண்டு கத்தி ஆகுமா என்றார் முதலாளி.
வேறு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்றேன்.
ஆகும், ஆகும், பாரு என்றார்.

உறைகளைத்தான் தனித்தனியாகத் தைக்க வேண்டியிருந்தது.
அன்று இரவு மழை.
சேர்வராயன் மலை இருந்த இடத்தில் கறுப்பு.
வளைவில் ஏறும் கடைசி பஸ்ஸின் வெளிச்சம்
தெரிந்து, இல்லாமல் போய்,
கொஞ்சம் மேலே தெரிந்தது.

எங்கள் தெருவில் இரண்டு அங்கம்மாள்.
தபால்காரர் முதல் வீட்டிலேயே
கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.
இதுவும் அப்படித்தான்:
'பைத்தான்' என்று கூப்பிட்டால்
பாதையில் முன்னால் நிற்பது வரும்.
வயதும் தகுதியும் கேட்பதில்லை.

தூக்கக் கலக்கத்தில் புதியதை
முன்னால் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

காலையில் ஒரு மினி லாரி.
நாற்பத்தேழு மூட்டை, நாலு பேர்.
கூலித்தாளில் ஆளுக்கு எப்போதும் பதினொன்று வரும்.
இன்று பதினொன்றே முக்கால்.

பிழை என்றுதான் நினைத்தேன்.
விரல் மடக்கிப் போட்டேன். பிறகு
பில் தாளின் பின்புறத்தில், பள்ளிக்கூடத்தில் போல, கோடு கிழித்து.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால்
பழையது மிச்சத்தைக் கீழே போட்டுவிடும்.
சத்தம் கேட்காது.
மூன்று மூட்டைகள்,
யாரும் சுமக்காமலே லாரியில் ஏறியவை.
இப்படி ஒன்பது வருஷம்.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எது சரி?
ரெண்டுமே பிழை இல்லாமத்தான் ஓடுதுங்க.
அப்ப பழசையே ஓட்டு.

பழசு எடை போடட்டுங்க, கூலி இதுல இருக்கட்டும்.
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது எனக்கே கேட்டது.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
மூணு மூட்டைதானே என்றார்.
அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு
ஒன்பது வருஷப் பதிவையும் புதியதில் ஓட்டினேன்.
ஒரு தொகை வந்தது.
எழுதி, நாலாக மடித்து, பர்ஸில் வைத்தேன்.
இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது.

மூட்டைக்கு ஏழு ரூபாய்.
ஆளுக்கு எண்பத்திரண்டே கால்.
அந்தக் கால் ரூபாய் எந்தக் கடையிலும் செல்லாது.
நாலு காலையும் சேர்த்து
மேஜைமேல் ஒரு நாணயமாக வைத்தேன்.

இது யாருக்கு என்றார் சடையன்.
உங்க நாலு பேருக்கும்.
இத்தன நாளா இல்லியே?
முக்கால் மூட்டை என்றேன்.
வாய்க்குள் மாவு மாதிரி ஒட்டியது மீதி.

வெளியே போனவர் நாணயத்தைச் சுண்டினார்.
எடைமேடையில் விழுந்து, உருண்டு, படுத்தது.
திரையில் பழைய பைத்தான்
கண்ணும் கருத்துமாக வாசித்தது:
பூஜ்யம்.

செல்லாண்டி குனிந்து
எடுத்துக்கொண்டார்.